பாக்காற்றங்கரையில் ஓர் அலமாரி

சுங்கை பினாங், பினாங்கு
தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் நலம். உன் நலமும், அம்மா நலமும், கடை நலமும் அறிய ஆவல். கடை நலத்தைக் கடைசியில் எழுதினாலும் அதைத்தான் நான் முதலில் விசாரிக்க வேண்டும். அங்கே வியாபாரம் மந்தமானால் அதன் பலனை இங்கே அனுபவிப்பவள் நான்.

நீ அனுப்பிய தீபாவளிப் பார்சல் வந்து சேர்ந்தது. மூன்று சேலை, ஒரு சுடிதார்த் துணி, உன் அத்தானுக்கு நாலு சட்டைப் பிட்டு. ரொம்ப நன்றி. நன்றி சொல்லியாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கத்தரிப்பூக் கலரில் மாம்பழ மஞ்சள் பார்டர் போட்ட பருத்திச் சேலை, போன ஆடித் தள்ளுபடியில் போட்டும் ஓடாமல் மூன்றாவது தட்டில் முழித்துக்கொண்டிருந்ததுதானே? வீடியோ காலில் உன் தலைக்குப் பின்னால் அதை நாலைந்து மாதமாகப் பார்த்துவருகிறேன். ஜவுளிக்கடைக்காரர் மகளை ஏமாற்ற நீ இன்னும் பத்து வருஷம் கல்லாவில் உட்கார வேண்டும்.

உன்னைச் சொல்லியும் குற்றமில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து துணியை மூட்டை கட்டி இந்தப் பக்கம் தள்ளிவிடுவது நம் ஆட்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். இங்கே ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் ‘காயின் பெலிகாட்’. காயின் என்றால் துணி. பெலிகாட் வேறெதுவும் இல்லை, நம் பழவேற்காடுதான். வெள்ளைக்காரன் வாயில் புலிகாட் ஆகி, மலாய்க்காரர் வாயில் பெலிகாட் ஆகிவிட்டது. கப்பலேறின துறைமுகத்தின் பெயர் துணிக்கே பெயராக நின்றுவிட்டது. எங்கள் பிளாட்டுக்குக் கீழே டீ ஆற்றும் ‘மாமாக்’ (தமிழ் முஸ்லிம்) கடை அண்ணன் இடுப்பில் பழவேற்காட்டைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார். நீ இதே வேகத்தில் அனுப்பிக்கொண்டிருந்தால் நாளைக்கு நம் ஊர்ப் பெயரில் ‘தேவகோட்டை’ என்று ஒரு துணி வகையும் இங்கே புறப்படும்.

சுங்கை என்றால் ஆறு, பினாங் என்றால் பாக்கு. ஆக, நான் குடியிருப்பது பாக்காற்றங்கரை. அப்பத்தா உயிரோடு இருந்திருந்தால் மகிழ்ந்துபோயிருப்பாள். ஆனால் ஆற்றில் பாக்கும் மிதக்கவில்லை, கரையில் கமுகு மரமும் காணோம். பதினோராவது மாடி ஜன்னல் வழியே பார்த்தால், கட்டிவிட்ட கரைகளுக்கு நடுவே பழுப்பாக, ஓர் அவசரமும் இல்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவசரமெல்லாம் எனக்குத்தான்.

ஏழே காலுக்கு பஸ். ஆறே முக்காலுக்கு அலமாரி முன்னால் நிற்பேன். கதவைத் திறந்ததும் இரண்டு துணி சரிந்து காலில் விழும். இந்த வீட்டில் என் காலில் விழுகிறவை அவை மட்டும்தான் என்பதால் கோபித்துக்கொள்ள மனம் வராது. எடுத்து உள்ளே திணிப்பேன். அது வேறு மூன்றை வெளியே தள்ளும். “கட்டிக்க ஒண்ணுமே இல்லையே” என்று புலம்புவேன். உன் அத்தான் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, “அந்த ஒண்ணுமில்லாததைத்தான் கீழேயிருந்து பொறுக்கிக்கிட்டு இருக்கியா?” என்பார். ஏழு இருபதுக்கு, முந்தாநாள் கட்டிய அதே பச்சைச் சேலையில், போகிற பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிப் பஸ்ஸைக் கோட்டைவிட்ட ஒரு நாளில்தான் அலமாரியைச் சீர்திருத்துவது என்று முடிவு செய்தேன்.

முதலில் அந்த அலமாரி வந்த கதை. இந்த ஊருக்கு வந்த புதிதில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு சாமான் கடைக்குப் போனோம். ‘கபோர்டு’ என்றேன். கடைக்காரச் சீனப் பெரியவருக்குப் புரியவில்லை. ‘பீரோ’ என்றேன். அதுவும் புரியவில்லை. கையை விரித்து, கதவைத் திறந்து, சட்டையை மாட்டுகிற மாதிரி ஒரு நாடகமே போட்டேன். கடைசியில் சலித்துப்போய், “ஓர் அலமாரிக்கு இந்தப் பாடா!” என்று உன் அத்தானிடம் தமிழில் சொன்னேன். பெரியவர் முகம் மலர்ந்தது. “அல்மாரி! அடா, அடா!” என்றார். முதல்முறை பார்க்கிற பெண்பிள்ளையை ‘அடா’ என்கிறாரே என்று திகைத்துவிட்டேன். மலாயில் ‘அடா’ என்றால் ‘இருக்கிறது’ என்று அர்த்தமாம். அலமாரி இங்கேயும் அலமாரியேதான். போர்த்துகீசியர் நம் கரையில் விட்டுப்போன சொல், அவர்கள் 1511-இல் மலாக்காவைப் பிடித்த இந்த நாட்டிலும் அதே உருவில் உட்கார்ந்திருக்கிறது. அது தெரியாமல் நான்தான் ஆங்கிலத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

மூன்று கதவு அலமாரி. ஒன்று எனக்கு, ஒன்று அத்தானுக்கு, ஒன்று பிள்ளைக்கு என்று பேச்சு. இப்போது இரண்டே முக்கால் என்னுடையது. அதில் இரண்டு உன்னுடையது.

சீர்திருத்தம் என்று இறங்கினதும் செல்போனில் யோசனை தேடினேன். உலகம் முழுக்க அலமாரி அடுக்கத் தெரிந்தவர்கள் கோடிப் பேர் இருக்கிறார்கள் தம்பி. எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: கோடைக்கால உடுப்பைத் தனியாக, குளிர்கால உடுப்பைத் தனியாகப் பிரி. நான் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே இரண்டே காலம். மழை பெய்யும் காலம், பெய்யப் போகும் காலம். குளிர்காலமும் ஒன்று உண்டு. அது எங்கள் அலுவலகத்தில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடிகிறது. ஏசி குழாய்க்கு நேர் கீழே என் நாற்காலி. அதற்காக வாங்கிய சுவெட்டர் நாற்காலி முதுகிலேயே குடியிருப்பதால் அலமாரிக்கு அதனால் தொந்தரவில்லை.

அடுத்து, ஜப்பான்காரப் பெண்மணி மாரி கோண்டோ. வீட்டை ஒழுங்கு செய்வது பற்றி 2011-இல் ஒரு புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்றவர். பெயரிலேயே மாரி இருக்கிறதே என்று நம்பிக்கை வந்தது. இங்கே குவீன் தெருவில் 1833-இலிருந்து மகாமாரியம்மன் இருந்து காக்கிறாள். அவள் பெயரை வைத்தவர் தப்பாகச் சொல்வாரா? அவர் முறை இதுதான்: எல்லாத் துணியையும் ஒரே இடத்தில் கொட்டு. ஒவ்வொன்றாகக் கையில் எடு. மனசில் ஒரு மகிழ்ச்சி பொங்குகிறதா பார். பொங்கினால் வைத்துக்கொள். பொங்காவிட்டால் அந்தத் துணிக்கு நன்றி சொல்லி விடை கொடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டில் மேல் கொட்டினேன். கட்டில் காணாமல் போயிற்று. முதலில் கையில் வந்தது மாமியார் வளைகாப்புக்கு எடுத்துக் கொடுத்த பாசிப்பச்சைச் சேலை. மகிழ்ச்சி பொங்கியதா என்றால் இல்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தால் ஊரில் என்ன பொங்கும் என்று உனக்கே தெரியும். அடுத்தது சின்ன அத்தை பேத்தி சடங்குக்கு வைத்துக் கொடுத்தது. அடுத்தது புதுமனை புகுவிழா மரியாதை. அடுத்தது நீ. அதற்கடுத்ததும் நீ. ஜப்பானில் துணி கடையிலிருந்து வருகிறது போலிருக்கிறது. நமக்கு அது உறவிலிருந்து வருகிறது. ‘மகிழ்ச்சி தருகிறதா’ என்று அந்த அம்மாள் கேட்கிறார். நம் அலமாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘நீ போனால் யார் வருத்தப்படுவார்?’ என்பது.

ஆனாலும் கொட்டியது வீண் போகவில்லை. கொட்டினதால்தான் எண்ண முடிந்தது. சேலை அறுபத்து மூன்று. சுடிதார் பதினெட்டு. ஜாக்கெட் நாற்பத்தொன்று. அதில் எனக்கு இன்றைக்குப் பத்துகிறவை ஒன்பது. மிச்சமெல்லாம் பழைய என்னுடைய நினைவுச் சின்னங்கள். துப்பட்டா இல்லாத சுடிதார் நாலு, சுடிதார் இல்லாத துப்பட்டா ஆறு. சேலை இல்லாமல் தனித்து நிற்கும் ஜாக்கெட்டும் சில இருந்தன. அதில் ஒன்று மாம்பழ மஞ்சளில், சரியாகப் பத்துகிற ஜாக்கெட். எந்தச் சேலைக்குத் தைத்தது என்று நினைவே இல்லை. தூக்கிப் போட மனமில்லாமல் ஓரமாக வைத்தேன்.

அந்தக் கட்டில் குவியலின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. காலையில் அரை மணி நேரம் போவது சேலை தேடி இல்லை. ஜாக்கெட் தேடி. சேலை கையில் வந்துவிடும், அதற்கான ஜாக்கெட் இன்னொரு தட்டில், இன்னொன்பதுக்கு அடியில், உள்பாவாடை வேறொரு கதவில். சேலையை அடுக்குகிறவள் சேலையோடு சேலையாக, ஜாக்கெட்டோடு ஜாக்கெட்டாக அடுக்கி வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். உடுத்த முடியாது.

இன்னொன்றும் உறைத்தது. நான் இத்தனை நாள் அலமாரியை அடுக்கியது நம் கடையை அடுக்குகிற மாதிரி. நினைத்துப் பார். அப்பா நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? கலர் வரிசை, விலை வரிசை, மடிப்பு வெளியே, ஓரம் உள்ளே. வந்தவர் ஒன்று கேட்டால் பத்து விரி. மெத்தை நிறைந்தால்தான் மனசு அலையும், மனசு அலைந்தால்தான் ஒன்று எடுக்க வந்தவர் மூன்று எடுப்பார். கடை அடுக்குவதே ஆளைத் தடுமாற வைப்பதற்கு. அந்த வித்தையைக் கொண்டுவந்து என் வீட்டு அலமாரியில் வைத்தால், தினம் காலையில் ஆறே முக்காலுக்கு நானே கடைக்காரி, நானே தடுமாறுகிற வாடிக்கைக்காரி. எதையும் விற்கப் போவதும் இல்லை, பஸ்ஸும் நிற்கப் போவதில்லை. வீட்டு அலமாரிக்கு வேலை வேறு. கண்ணில் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டுவதை முழுசாகக் காட்ட வேண்டும்.

ஆகவே கலர் வரிசையைக் கலைத்தேன். ஒரு சேலை, அதற்குள் அதன் ஜாக்கெட், அதன் உள்பாவாடை, மூன்றும் ஒரே மடிப்பில். சுடிதாருக்குத் துப்பட்டா ஒரே ஹேங்கரில். கை போனால் ஒரு குடும்பமே கிளம்பி வர வேண்டும். அக்கம்பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது.

கடையிலிருந்து ஒரே ஒரு பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால். அது உன் அத்தானுக்காக. அவர் சட்டை அடுக்கில் மேலே இருப்பதை எடுப்பார். துவைத்து வந்தால் மறுபடி மேலே வைப்போம். மறுபடி அதையே எடுப்பார். மூன்றாவது சட்டைக்குக் கீழே அவருக்குப் பாதாள லோகம். இருபத்திரண்டு சட்டை இருந்தும் ஊரே அவரை இரண்டு சட்டைக்காரர் என்று நினைக்கிறது. இப்போது துவைத்ததை அடுக்கின் அடியில் செருகுகிறேன். மூன்றாம் வாரம் கண்ணாடி முன்னால் நின்று, “இந்தச் சட்டை எப்ப வாங்கினே?” என்றார். நம் கல்யாணத்துக்கு மறுவீட்டில் போட்டது என்றேன்.

அடுத்த கேள்வி, எந்தக் கட்டு எந்தத் தட்டில். அதற்குப் பினாங்கே வழி காட்டியது. இங்கே என்ன கலர் பிடிக்கும் என்பதை விட, இன்றைக்கு யார் முன்னால் நிற்கப் போகிறோம் என்பதுதான் உடுப்பை முடிவு செய்கிறது. வியாழக்கிழமை அரசாங்க ஊழியர்கள் பாத்தேக் (பாட்டிக்) துணி உடுத்த வேண்டும் என்பது இந்த நாட்டு வழக்கம். எங்களுடையது தனியார் அலுவலகம்தான். ஆனாலும் பக்கத்து வீடு கோலம் போட்டால் நம் வீட்டு வாசலும் கேட்கும் அல்லவா? எங்களுக்கும் வியாழன் பாத்தேக். சீனப் பெருநாளுக்கு எதிர்வீட்டுப் பாட்டியைப் பார்க்கப் போனால் சிவப்பு உசத்தி. கறுப்பும் வெள்ளையும் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது, அது துக்க வீட்டு நிறம். முதல் வருஷம் நான் கறுப்பில் வெள்ளிப் புள்ளி போட்ட சேலையில் போய் நின்றேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு சிவப்புச் சால்வையைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தி, அப்புறம்தான் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

நோன்புப் பெருநாளில் மலாய்க் குடும்பங்கள் அந்த வருஷத்துக்கு ஒரு கலர் என்று வைத்துக்கொண்டு வீட்டில் எல்லாரும் அதே கலரில் உடுத்துவார்கள். அடுத்த வீட்டு அக்காவின் திறந்த இல்ல உபசரிப்புக்கு நான் என்னவோ வெளிர்பச்சைச் சேலையில் போனேன். உள்ளே பதினாலு பேர் வெளிர்பச்சை. குடும்பப் போட்டோவில் என்னையும் இழுத்து நடுவில் நிறுத்திவிட்டார்கள். வரவேற்பறையில் இன்றும் தொங்குகிறது. அவர்கள் ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள், இது எந்த வழி உறவு என்று விசாரிக்கிறார்களாம்.

தைப்பூசத்துக்கு மஞ்சள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் காரைக்குடியில் செய்து 1894-இல் இங்கே கொண்டுவந்த வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது, தெரு முழுக்கத் தேங்காய் உடையும். அந்தத் தண்ணீரில் மிதித்து நடக்கப் பட்டு உதவாது. முழங்காலுக்கு மேல் செருகிக்கொள்ளத் தோதாகப் பருத்திதான். நம் பக்கத்துக் கண்டாங்கியை அந்தக் காலத்தில் பெண்கள் ஏன் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினார்கள் என்று எனக்கு இந்த ஊர்த் தெருவில்தான் புரிந்தது.

இப்படி ஆள் பார்த்துத் தட்டுப் பிரித்தேன். அலுவலகத் தட்டு, வியாழன் பாத்தேக், கோயில் தட்டு, பெருநாள் தட்டு, துக்கத்துக்கு ஒரே ஒரு வெள்ளை. அதற்கு மேலே ஒரு தட்டு, கட்டவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்கிற சேலைகளுக்கு. அதற்கு ‘மரியாதைத் தட்டு’ என்று பெயர். மாமியார் சேலை அங்கே தலைமை தாங்குகிறது.

எல்லாம் அடுக்கி முடித்து, ஒரு வாரம் ராணி மாதிரி இருந்தேன். எட்டாம் நாள் கல்யாணப் பட்டை எடுத்தால், அரக்கு நிறத்தில் அங்கங்கே வெண்பொட்டு. பூசணம்! இந்த ஊர்க் காற்றையே பிழியலாம் தம்பி. கதவு மூடிய அலமாரிக்குள் ஈரம் புகுந்தால் தோல் பை, பெல்ட்டு, பட்டு, ஒன்றையும் விடாது. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் போட்டு வைத்தேன் என்றேன் அம்மாவிடம். “பட்டை பிளாஸ்டிக்குல போடுவாளா ஒரு ஜவுளிக்காரன் மக?” என்று அங்கிருந்தே தலையில் குட்டினாள். உறைக்குள் அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் துணியையே தின்கிறது. இப்போது பட்டெல்லாம் வெள்ளை மல் துணியில் சுற்றியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடிக்கிறேன். அந்துருண்டை ஜரிகையில் படாமல் தள்ளி வைத்திருக்கிறேன். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் போட்டாயிற்று. இஸ்திரி போட்ட சூட்டோடு எதையும் உள்ளே வைப்பதில்லை.

இங்கே ஒரு டப்பா விற்கிறார்கள், அதை உனக்குக் காட்ட வேண்டும். இரண்டு அடுக்கு. மேலடுக்கில் கல் உப்பு மாதிரி வெள்ளை வெள்ளையாக ஒரு ரசாயனம், கால்சியம் குளோரைடு. அதன் மேல் காகிதம் ஒட்டியிருக்கும். அலமாரி மூலையில் வைத்துவிட்டால் காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே குடிக்கும். முதல் வாரம் உப்பு கசகசக்கும், இரண்டாம் வாரம் பாகு பதம், அப்புறம் சொட்டுச் சொட்டாகக் கீழடுக்கில் இறங்கும். மூன்று வாரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்! யாரும் ஊற்றாத தண்ணீர். அத்தனையும் என் சேலை குடித்திருக்க வேண்டியது. முதல்முறை பார்த்தபோது அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன், குழந்தைக்குப் பல் முளைத்த மாதிரி. கொட்டும்போது மட்டும் கவனம். துணியில் ஒரு சொட்டு பட்டால் அந்த இடம் காயவே காயாது.

இப்படி நான் பெருமையடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டவர் பி. ராம்லி சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பாட்டி. சாயங்காலம் எங்கள் பிளாட் வாசலில் வடை போடுகிறவர். தாழ்வான இடம், ஆற்றுக்குப் பக்கம், மழை என்றாலே அவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி காற்றும் மழையும் பினாங்கையே புரட்டிப் போட்டதே, அன்றைக்கு அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்ததாம். “அலமாரி சாய்ஞ்சு மெதந்துச்சும்மா. கதவு தொறந்துக்கிட்டு ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. நான் மேசை மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இத்தனை சேலை எனக்கு இருந்துச்சான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இப்போது அவரிடம் ஏழு சேலை. உத்தரத்துக்குக் கீழே உயரமாக ஒரு கயிறு, அதில் ஏழும் தொங்குகின்றன. “எதக் கட்டுறதுன்னு யோசிக்கிறது உண்டா பாட்டி?” என்று கேட்டேன். “கயித்துல மொத நிக்கிறது எதுவோ அது” என்று வடையைத் திருப்பிப் போட்டார்.

அன்று ராத்திரி எனக்கு நம் அப்பாவைப் பெற்ற ஐயா ஞாபகம். அவருடைய டிரங்குப் பெட்டி நம் கடைப் பரணில் இன்னும் இருக்கிறதல்லவா? நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, இதே பினாங்குத் தெருவில் செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுத வந்தபோது கொண்டுவந்த பெட்டி. 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு எத்தனை பெட்டிகளைச் சுமந்திருக்கும்! ஐயா பெட்டியில் இருந்ததை அப்பத்தா வாய்ப்பாடு மாதிரி சொல்வாள்: வேட்டி நாலு, சட்டை மூணு, துண்டு ரெண்டு, கோட்டு ஒண்ணு. எல்லாம் வெள்ளை, கோட்டு மட்டும் கறுப்பு. எதை உடுத்துவது என்ற கேள்வியே ஐயாவுக்கு இருந்திருக்காது. ஒரே கேள்விதான்: எது காய்ந்திருக்கிறது?

போன மாதம் உன்னிடம் அந்தப் பெட்டியை அளந்து சொல்லச் சொன்னேனே, ‘அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது’ என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்த அளவுக்கு நடுக்கதவில் கண் உயரத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஐயா பெட்டி கொள்கிற அளவு. திங்கள் முதல் சனி வரைக்கும் உடுத்துவது அதற்குள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாரத்துக்கானதை எடுத்து வைத்துவிடுவேன். மற்ற தட்டுகளைக் காலையில் திறப்பதே கிடையாது. இப்போது ஏழு மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். பஸ்தான் தாமதமாக வருகிறது என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இனி முக்கியமான சேதி. போன வாரம் நாலு நாள் விடாத மழை. கொடியில் எதுவும் காயவில்லை, பெட்டி இடமும் காலி. பிளாட்டுக்குக் கீழே காசு போட்டு உலர்த்தும் கடை ஒன்று உண்டு. அதற்கும் பெயர் ‘டோபி’தான். இந்த ஆற்றுப் படுகையில் மேலே போனால் டோபி காட் என்றே ஓரிடம் இருக்கிறது. நம் ஊர்களிலிருந்து வந்த வண்ணார்கள் ஆற்றில் துணி வெளுத்த இடம். இப்போது வெளுப்பது மெஷின், பெயர் மட்டும் நம்முடையது. அங்கே போனால் எனக்கு முன்னால் எட்டுப் பேர் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால், காற்றாடிக்குக் கீழே நாற்காலியில் விரித்திருந்த ஒரே ஒரு சேலை காய்ந்திருந்தது. உப்புத் தண்ணீரில் சாயம் போக அலசிப் போட்டிருந்த உன் கத்தரிப்பூ.

அதற்கு ஜாக்கெட்? அநாதையாக ஓரமாக உட்கார்ந்திருந்ததே அந்த மாம்பழ மஞ்சள், பார்டரோடு வைத்துப் பார்த்தேன். ஒரே தறியில் பிறந்த மாதிரி பொருந்திவிட்டது. கட்டிக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் சீனப் பெண் இருவர், மலாய்ப் பெண் ஒருவர், நம் தமிழ்ப் பெண் இருவர், ஆக ஐந்து பேர் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். அதில் ஒருத்தி மதியம் மறுபடி வந்து முந்தானையை விரித்துப் பார்த்தாள். ஊரில் எங்கள் கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய்யில்லையே?

ஆகவே, இனி எனக்கென்று எதுவும் அனுப்பாதே. என் பெட்டியில் இடமில்லை. ஆனால் அந்த மூன்றாவது தட்டில் கத்தரிப்பூ இன்னும் எத்தனை முழித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணி உடனே எழுது. ஐந்து உடனடியாக வேண்டும், பத்து இருந்தாலும் அனுப்பு. பில்லில் ஆடித் தள்ளுபடி விலையைப் போட்டுத் தொலைக்காதே. நான் முழு விலை சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா

பி.கு.: அத்தானுக்கு அனுப்பிய நாலு சட்டைப் பிட்டும் ஒரே நீலம். காரணம் கேட்க மாட்டேன், எனக்கே தெரியும். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “உன் தம்பிக்குத்தான் அலமாரி அடுக்கத் தெரிஞ்சிருக்கு” என்கிறார்.